குட்டியாக வந்தது குட்டியாகவே இருக்காது

(நம் வானொலியின் மாதாந்திரப் பேச்சு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுவது பற்றி நான் பேசியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். கணக்கில் ஏதோ சந்தேகம் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"தம்பி, என் பேரன் தேவாங்குக் குட்டி வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். கைப்பேசியில் பார்த்திருக்கிறான். தெரிந்தவர் ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

"வேண்டாம் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று விளக்கவில்லை. ஒரே வார்த்தையில் சொன்னால் பேரன் கேட்பானா? ஆகவே இன்றைய பேச்சு அந்தப் பேரனுக்காகவும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும்.

முதலில் தேவாங்கையே எடுத்துக்கொள்வோம். நம் மியான்மர் காடுகளில் வாழும் தேவாங்கு மெல்ல மெல்ல நகரும், பகலில் சுருண்டு தூங்கி இரவில் இரை தேடும். பார்க்கப் பாவமாக, பெரிய உருண்டைக் கண்களோடு இருக்கும். ஆனால் உலகில் விஷம் உள்ள பாலூட்டிகள் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. முழங்கையின் உட்புறத்தில் அதற்கு ஒரு சுரப்பி இருக்கிறது. அந்தச் சுரப்பு நீரை நக்கி எச்சிலோடு கலந்துகொண்டு கடிக்கும். கடித்த இடம் வலித்து வீங்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்காகவே விற்பவர்கள் அதன் பற்களை மயக்க மருந்து கூட இல்லாமல் வெட்டிவிடுகிறார்கள். வாய் சீழ் பிடித்துப் பல குட்டிகள் செத்துப்போகின்றன. கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கும் படத்தில், கூச்சம் காட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அது சிரிப்பது போலத் தெரியும். அது சிரிப்பு அல்ல, பயம். பயந்தால் சுரப்பியை வாய்க்கு அருகில் கொண்டுவர அது கையைத் தூக்கும். 2007-ஆம் ஆண்டு முதல் இந்தத் தேவாங்குகளின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது.

"அன்பாக வளர்த்தால் பழகாதா?" என்று கேட்பீர்கள். இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, வெளியூர் போன அப்பா ஒரு குரங்குக் குட்டியோடு திரும்பினார். அம்மாவின் இடுப்பை விட்டு அது இறங்காது. எங்களோடு உட்கார்ந்து சோறு தின்னும். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருடம் அது பருவத்துக்கு வந்தது. ஒருநாள் என் தங்கை தன் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தர மறுத்ததற்கு, கன்னத்தைக் கடித்துக் குதறிவிட்டது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஒவ்வொரு நாளும் அவள் அலறிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தழும்பும் போகவில்லை.

அப்பா அதை ஊருக்கு வெளியே, குரங்குகள் திரியும் ஒரு தோப்பில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தார். இவரைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டதாம். உடம்பெல்லாம் மற்ற குரங்குகள் கடித்த காயம். திரும்பத் தூக்கி வந்தார். ஒரு வாரத்தில் இறந்துவிட்டது. அன்பில் எங்கள் வீட்டில் குறை வைக்கவில்லை. இருந்தும் தங்கைக்கும் கெடுதல் வந்தது, குரங்குக்கும் கெடுதல் வந்தது.

நாயும் கோழியும் மாடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக மனிதனோடு வாழ்ந்து மாறியவை. காட்டிலிருந்து பிடித்த குட்டி அப்படியல்ல. குட்டியாக இருக்கும்வரை பயத்தில் அடங்கியிருக்கும். வளர்ந்ததும் அதன் இயல்பு வெளியே வரும். அது அதன் குற்றமில்லை.

இதே தவற்றை ஒரு நாடே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய உதாரணம் ஒன்று உண்டு. அதுதான் பர்மா மலைப்பாம்பு. அமெரிக்காவில் இதைக் குட்டியாக, இரண்டடி நீளத்தில் வாங்கி வீட்டில் வளர்த்தார்கள். அதுவோ பதினைந்தடிக்கு மேலும் வளரக்கூடியது. சமாளிக்க முடியாதவர்கள் ஃபுளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது பெருகிவிட்டது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்தப் பகுதியில் ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே ஆண்டு அந்தப் பாம்பை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை போட்டது.

அதற்கு முன்பே, 2009 ஜூலையில், அதே மாநிலத்தில் ஒரு வீட்டில் வளர்ப்பு மலைப்பாம்பு இரவில் கூண்டிலிருந்து வெளியே வந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை நெரித்துக் கொன்றுவிட்டது. எட்டரை அடிப் பாம்புதான். குழந்தைக்கு அது போதுமே!

அங்கே அது தொல்லை. தன் சொந்த மண்ணான ஆசியாவிலோ அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் விற்பனைக்காகவும் பிடிக்கிறார்கள். 2020-இல் நம் யாங்கோனைப் பற்றி ஒரு செய்தி உலகம் முழுவதும் வந்தது. விலாத்தா என்ற பிக்கு, விற்கப்படவோ கொல்லப்படவோ இருந்த பாம்புகளுக்குத் தம் மடத்தில் அடைக்கலம் கொடுத்து வந்தார். பொதுமக்களும் தீயணைப்புப் படையினரும் பிடித்த பாம்புகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். தீனிக்கு மாதம் ஏறக்குறைய 300 டாலர் தேவைப்பட்டது. அவர் அவற்றைச் செல்லமாக வைத்துக்கொள்ளவில்லை. உடல் தேறியதும் லாகா தேசிய வனப்பூங்காவில் விடச் செய்தார். அடைக்கலம் கொடுப்பது வேறு, ஆசைக்கு அடைத்து வைப்பது வேறு.

நேயர்களே, 1942-இல் நம் தாத்தா பாட்டிமார் இந்த ஊரைவிட்டுக் காட்டு வழியே நடந்தார்கள். போர் முடிந்து திரும்பி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். இருந்த இடத்திலிருந்து பிடுங்கப்படுவது என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாயைக் கொன்றோ பிரித்தோ எடுத்த குட்டியை வாங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள்.

எந்த விலங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிறகு பிழைப்பது மிக அரிது.

வீட்டில் ஏற்கெனவே காட்டு விலங்கு இருந்தால் குளத்திலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். அது செத்துப்போகும், அல்லது அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் மூலம் வனத்துறையிடம் ஒப்படைக்க வழி பாருங்கள். 2018-இல் வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கை வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பைத் தூக்காமல் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆசை இருப்பது தவறில்லை. ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வளர்க்கட்டும். தடுப்பூசி மட்டும் மறக்காமல் போடுங்கள்.

போன் செய்த அக்காவுக்கு ஒரு வார்த்தை. விற்கிறவர் சொல்வது வாங்கும் விலை மட்டும்தான். தீனி, மருத்துவம், வழக்கு, பிள்ளையின் முகத்தில் தழும்பு, இவையெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது. முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், இந்தக் கணக்கு நேராகாது. பேரனை என்னோடு பேசச் சொல்லுங்கள். என் தங்கையையும் பேச வைக்கிறேன்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.