களஞ்சியமும் மட்டசனமும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு சொல் இப்போது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. மட்டசனம் என்பது அந்தச் சொல். தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு என்று ஒப்பிக்கும்போது, போசனப்பிரியத்துக்கு எதிரே மட்டசனம் வரும். மட்டு என்றால் அளவு, அசனம் என்றால் உணவு. அந்தப் பட்டியலில் பட்டினி என்று போடவில்லை, பாருங்கள். அளவு என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

செஞ்சி, அனந்தபுரம் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு அளவைப் பற்றி யோசிக்கக் கண்ணெதிரே ஒரு பாடம் நிற்கிறது. செஞ்சிக் கோட்டைக்குப் போனால் ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மலைமேலும் களஞ்சியங்கள் உண்டு. எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைத்த தொட்டிகளும் அங்கே உண்டு என்று காட்டுவார்கள். இன்று உள்ளே நெல் இல்லை, வௌவால்தான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் லூக்கா நற்செய்தியில் வரும் பணக்காரர் நமக்கு நினைவுக்கு வருவார். விளைச்சல் அதிகமானதும் பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டு, அன்றிரவே உயிரை விட்டவர் அவர். ஆனால் சேர்த்து வைப்பதே தவறு என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டபோது, இதுபோன்ற களஞ்சியங்கள் இல்லாமல் கோட்டைக்குள் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? எகிப்தில் யோசேப்பும் ஏழு ஆண்டுகள் தானியம் சேர்த்தவர்தானே. பாலைவனத்தில் மன்னா பொழிந்தபோதும், பேராசையோடு மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்துப்போயிற்று. ஓய்வுநாளுக்காக ஆண்டவர் சொன்னபடி இரட்டிப்பாக எடுத்து வைத்தது கெடவில்லை. மன்னா இரண்டு நாளும் ஒன்றுதான். ஒன்று தேவைக்கு எடுத்தது, மற்றது பயத்துக்கு எடுத்தது. உவமையில் வரும் அந்தப் பணக்காரரின் பேச்சையும் கவனித்துப் படியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள் என்றே போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்கூட அந்தப் பேச்சில் வரமாட்டார்.

நம் ஊர்ப்பக்கம் களஞ்சியம் வேறு மாதிரி இடிபடுகிறது. நெல்லோ மல்லாட்டையோ செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலைபோய், கையில் பணம் வந்த வாரத்திலேயே மஞ்சள் நீராட்டுக்கோ காதணி விழாவுக்கோ நாள் குறிக்கிறோம். சாலையோரம் டிஜிட்டல் பேனர், வாடகை மண்டபம், பந்தியில் பாதி தின்று மூடிய இலைகள். மொய் வரும் என்ற கணக்கில் கடன் வாங்குகிறோம். அந்த மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான் என்பதை அன்றைக்கு யாரும் நினைப்பதில்லை. அடுத்த மாதம் குழுக்கடன் தவணை வரும்போது நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வாசலில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். மேளதாளத்தோடு வந்த செலவு சத்தமில்லாமல் அவர் தலையில் இறங்குகிறது.

விருந்தே கூடாது என்கிறோமா? இல்லை. கானாவூர்த் திருமணத்துக்கு நம் ஆண்டவர் போனார், திராட்சை இரசம் தீர்ந்துபோன குறையையும் தீர்த்துவைத்தார். கஞ்சத்தனத்துக்கு அளவுடைமை என்று பெயர் சூட்டிக்கொள்கிறவர்களும் நம்மிடையே உண்டு. விருந்தாளிக்குச் சோறு போடத் தயங்குகிறவர் மட்டசனம் பேச வேண்டியதில்லை.

6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு ஒழுங்குமுறை எழுதிய புனித பெனடிக்ட், உணவுக்கும் பானத்துக்கும் அளவு குறித்தார். சமைத்த உணவு இரண்டு வகை இருக்கட்டும், ஒன்றைச் சாப்பிட முடியாதவர் மற்றதைச் சாப்பிடுவார் என்றார். வேலை அதிகமான நாளில் கூட்டிக் கொடுக்கவும் மடத்துத் தலைவருக்கு அனுமதி தந்தார். அடுத்தவருக்கு அளவு குறிப்பதில் தமக்குத் தயக்கம் உண்டென்றும் எழுதினார். அந்தத் தயக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. மருமகளின் சேலையை எண்ணும் மாமியாருக்கும், மகனின் செல்பேசியைக் குறை சொல்லிவிட்டு நள்ளிரவு வரை தொலைக்காட்சி பார்க்கும் தந்தைக்கும் அது வந்தால் நல்லது.

1647இல் லிஸ்பனில் பிறந்த புனித அருளானந்தர், தமிழ் மண்ணில் காவி உடுத்தி, இறைச்சியும் மதுவும் விலக்கி, காய்கறிச் சோற்றில் வாழ்ந்தார். 1693இல் ஓரியூரில் உயிர் கொடுக்கும்வரை அப்படியே இருந்தார். உணவை இழிவாக நினைத்து அவர் இதைச் செய்யவில்லை. யாரிடம் நற்செய்தி சொல்ல வந்தாரோ அவர்களோடு ஒட்டி வாழச் செய்தார். அவருடைய அளவு பிறரை முன்னிட்டு வந்தது.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றுக்கு வருவோம். 2023 மே மாதம் நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விற்றவர்களின் குற்றம் பெரியது. அதை நீதிமன்றம் பார்க்கட்டும். குடித்தவர்கள் நம்மைப் போன்ற ஏழை உழைப்பாளிகள். அவர்களைப் பழித்துப் பேச நமக்கு உரிமையில்லை.

பவுல் அடியார் திமொத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குச் சிறிது திராட்சை இரசம் அருந்தச் சொன்னதை எடுத்துக்காட்டி, அளவாகக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் குடிக்கு அடிமையாகிவிட்டவரிடம் அளவு என்ற பேச்சே பயன்படாது. அவருக்கு முதல் தம்ளரே அதிகம். அளவாகக் குடி என்று அவரிடம் புத்தி சொல்வது, கால் ஒடிந்தவரை மெதுவாக ஓடு என்பதுபோல. அவருக்குத் தேவை முழு விலகலும், மருத்துவமும், கூட இருக்கும் ஆட்களும். 1935இல் அமெரிக்காவில் குடியால் சீரழிந்த இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் போகத்தான் கூச்சம். அன்றைக்குப் பேருந்தில் கூட வர ஓர் அண்ணனோ மச்சானோ இருந்தால் போதும்.

நம் வீட்டு விசேஷங்களில் பந்திக்குப் பின்புறம் தனியாக ஒரு ஏற்பாடு நடக்கிறதே, அது எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்யாவிட்டால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்கிறோம். சிலர் கோபிப்பார்கள்தான். ஆனால் ஆறு மாதமாகக் குடியைத் தொடாமல், விசேஷ வீடுகளையே பயந்து தவிர்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் நம் உறவில் இருப்பார். அந்த ஏற்பாடு இல்லை என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லி அனுப்பினால், அவர் மனைவி பிள்ளைகளோடு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு வீடு திரும்புவார்.