'மிஸ்' என்னும் வினை



தாம்பரம் தொடர்வண்டி நிலையப் படிகளில் காலை வேளையில் செவிகொடுத்து நிற்போர்க்கு இரு தொடர்கள் கேட்கும். "வண்டி மிஸ் ஆயிடுச்சு" என்பார் ஒருவர். "மிஸ் பண்ணிட்டேன்" என்பார் மற்றொருவர். இரண்டும் ஒன்றல்ல. முன்னவர் பழியை யார்மேலும் ஏற்றவில்லை. பின்னவர் தம்மேல் ஏற்றிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அவ்வினைக்குப் பயணியே எழுவாய். இவ்வேறுபாட்டை அவ்வினை தானாகக் காட்டாது. 'ஆகு', 'பண்ணு' என்னும் துணைகளைப் பூட்டித் தமிழ் அயற்சொல்லையும் தன் இலக்கணத்துக்குப் பணியவைத்துள்ளது. 1931 முதல் மின்வண்டி ஓடும் இத்தடத்தில் அச்சொல்லைத் தடுக்க முயல்வது வீண்வேலை. (பள்ளி ஆசிரியையைக் குறிக்கும் 'மிஸ்' வேறு, அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் குறுக்கம்.)

அவ்வினையின் பழம்பொருள் குறி தவறுதல். யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலைச் சொல்லுமிடத்து வள்ளுவர் ஆளும் வினை 'பிழைத்தல்'. அத்தமிழ் வினைக்குக் குற்றம் செய்தல், உயிர் தப்பி வாழ்தல் என்னும் பொருள்களும் உண்டு. ஆங்கில வினையோ குறியை விட்டு நெஞ்சுக்குள் புகுந்தது. அருகில் இல்லாதவரை எண்ணி வருந்துதலையும் குறிக்கலாயிற்று.

கவிஞர்கள் கருதவேண்டிய இடம் இதுவே. "உன்னை மிஸ் பண்ணுகிறேன்" என்னும் தொடர் இன்று கவிதையிலும் இடம்பெறுகிறது. ஊருக்குப் போனவர், திரும்பி வாராதவர், இறந்தவர் ஆகிய மூவர்க்கும் அவ்வொரு வினையே போதுமென ஆகிவிடுகிறது. அகமரபு பிரிதலைப் பாலைக்கும், ஆற்றியிருத்தலை முல்லைக்கும், இரங்கலை நெய்தலுக்கும் உரியனவாக வகுத்தது. இறந்தோர்க்கு வருந்துதல் புறத்தில் கையறுநிலை எனத் தனித்துறை பெற்றது. இத்தனை வேறுபாடு கண்ட மொழியில் ஒரே சொல்லால் அனைத்தையும் மூடுவது சிக்கனமன்று, வறுமையே.

'பண்ணுதல்' என்பதும் நோக்கத்தக்கது. பிரிவுத்துயர் ஒருவர் செய்யும் தொழிலா? திருக்குறளின் 116ஆம் அதிகாரத்தின் பெயர் 'பிரிவாற்றாமை'. ஆற்றாமை என்பது செயலன்று, இயலாமை. தாயைக் காணாத குழந்தை "ஏங்கிப்போச்சு" என்று வீட்டில் சொல்வதிலும் துயர் குழந்தைமேல் வந்து இறங்குகிறதேயன்றிக் குழந்தை அதைச் செய்யவில்லை.

இதற்கு நிகர்ச்சொல் வேண்டிக் கலைச்சொல் அகராதியைப் புரட்டவேண்டியதில்லை. மக்களை மீனம்பாக்கத்தில் விமானமேற்றிவிட்டுத் திரும்பிய முதியோர் குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் தெருவுக்குச் சிலர் உண்டு. கைப்பேசித் திரையில் பெயரக்குழந்தை "மிஸ் யூ பாட்டி" என்கிறது. பாட்டி அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதில்லை. "கண்ணு உன்னையேதான்டா தேடுது" என்கிறாள். இங்கே எழுவாய் 'நான்' அன்று, கண். அக்கண் இல்லையென்று அறிந்த பின்னும் தேடுகிறது. தேடு என்பதால் கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் அதில் மறைந்துள்ளது. ஆங்கில வினையில் இல்லாமை உண்டு, இந்த நம்பிக்கை இல்லை. அயல்நாட்டில் வளரும் அக்குழந்தை பாட்டியின் விடையைப் புரிந்துகொண்டதா என்பதே இனி எழுதவேண்டிய கவிதைக்குப் பொருள்.