முப்பதில் தொடங்கிய ஆட்டம்



கால்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு முப்பது வயது ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் நாம் என்ன நினைப்போம்? இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடுவார், பிறகு ஓய்வு பெறுவார் என்றே எண்ணுவோம். கால்களின் வேகம் தணியத் தொடங்கும் வயது அது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட அம்மையார், தம் நாட்டின் பெயரால் முதன்முதல் களம் இறங்கியபோது அவருக்கு வயது முப்பது. அதற்கு முன் அவருக்கு ஆடத் தெரியாது என்பதன்று. அவர் ஆடுவதற்கு ஒரு நாட்டு அணி இல்லை. அவர் பெயர் டெசிரே எல்லிஸ், தென்னாப்பிரிக்க நாட்டவர்.

1963ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் கேப்டவுன் நகரின் சால்ட் ரிவர் என்னும் பகுதியில் அவர் பிறந்தார். தொழிற்சாலைகளும் ரயில் பட்டறைகளும் சூழ்ந்த, உழைப்பாளி மக்கள் வாழும் இடம் அது. தெருவில் பையன்களோடு பந்து உதைத்துப் பழகிய அப்பெண், பதின்பருவத்திலேயே மகளிர் சங்கங்களில் சேர்ந்து ஆடலானார். நடுக்களத்தில் நின்று, பந்தை வாங்கி, ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

ஆற்றல் இருந்து என்ன பயன்? அக்காலத்துத் தென்னாப்பிரிக்காவில், ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்பதையெல்லாம் தோலின் நிறமே முடிவு செய்தது. 1948 முதல் நிறவேற்றுமையையே அரசின் கொள்கையாகக் கொண்டிருந்த நாடு அது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 1961இல் அந்நாட்டைத் தள்ளி வைத்தது. பின்னர்ச் சிறிது காலம் தளர்த்தி, 1964இல் மீண்டும் தடை விதித்து, 1976இல் அடியோடு விலக்கியே விட்டது. தடை மீண்டும் வந்தபோது எல்லிஸ் ஒரு வயதுக் குழந்தை. நாடு விலக்கப்பட்டபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுமி. 1992இல் கதவு மறுபடியும் திறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. ஓர் ஆட்டக்காரரின் பொன்னான பருவம் முழுவதும் அந்த அடைத்த கதவுக்கு வெளியே கழிந்தது.

அந்தத் தடை நியாயமானது. இதில் எனக்கு ஐயமே இல்லை. நம் நாடும் அதற்காக விலை கொடுத்திருக்கிறது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியின் இறுதிக்கட்டத்தை இந்தியா எட்டியது. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று நம் நாடு மறுத்துவிட்டது. கோப்பை ஆடாமலே எதிரிக்குச் சென்றது. நம் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியில் இருந்தவர்கள். அந்த மறுப்பை எண்ணி நான் பெருமை கொள்கிறேன். ஆயினும் எல்லிஸின் கதையைப் படித்தபின் அந்தப் பெருமையோடு ஒரு கனமும் என் நெஞ்சில் ஏறிக்கொண்டது. ஒடுக்கியவர்களைத் தண்டிக்க எழுந்த கை, ஒடுக்கப்பட்டவர்களின் இளமையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. அதற்கு யாரைக் குறை சொல்வது? தடை விதித்தவர்களையா, தடையை வரவழைத்தவர்களையா? இரண்டாவது கூட்டத்தாரையே நான் குறை சொல்வேன். ஆனால் இழந்த ஆண்டுகளை அந்த விடை மீட்டுத் தராது.

1993ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தென்னாப்பிரிக்க மகளிர் அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. எதிரணி சுவாசிலாந்து, 2018 முதல் எசுவாத்தினி என்று பெயர் மாற்றிக்கொண்ட நாடு. முடிவு என்ன தெரியுமா? பதினான்குக்குப் பூஜ்யம்! அந்தப் பதினான்கில் மூன்று எல்லிஸ் அடித்தவை. முப்பது ஆண்டுகள் காத்திருந்த கால்கள் அல்லவா!

அந்த நாள்களில் அவருடைய பிழைப்பு வேறாக இருந்தது. இறைச்சிக் கடை ஒன்றில் மசாலைப் பொருள்களைக் கலந்து கொடுக்கும் வேலை. நாட்டுக்காக ஆடுவதற்கு விடுப்பு எடுத்ததால் அந்த வேலை போயிற்று. அணியில் இடம் கிடைத்தது, அடுப்பங்கரைக்கு வழி செய்த வேலை போய்விட்டது. அன்றைய மகளிர் ஆட்டத்தில் சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இருந்தும் அவர் பந்தை விடவில்லை.

பின்னர் அவரே அணித் தலைவியானார். "பன்யானா பன்யானா" என்று மக்கள் செல்லமாக அழைக்கும் அணி அது. "பெண்கள், பெண்கள்" என்பது அதன் பொருள். 2000ஆம் ஆண்டு ஆப்பிரிக்கப் போட்டி தம் நாட்டிலேயே நடந்தது. இறுதியாட்டத்தில் நைஜீரியா இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோது பார்வையாளர் கலவரம் மூண்டு, ஆட்டம் நடுவிலே நின்றது. வெற்றி நைஜீரியாவுக்கே என்று தீர்ப்பாயிற்று. 2002இல், முப்பத்தொன்பது வயதில், எல்லிஸ் ஓய்வு பெற்றார். நாட்டுக்காக அவர் ஆடியவை 32 ஆட்டங்கள். இருபது வயதில் தொடங்கியிருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று என் மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. துணைப் பயிற்சியாளராக அணிக்குத் திரும்பி வந்தவர், 2016இல் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளரானார். 2018இல் பதவி உறுதியாயிற்று. அவ்வாண்டு ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மீண்டும் நைஜீரியா! இரு தரப்பிலும் கோல் இல்லை. பெனால்டி உதைகளில் தென்னாப்பிரிக்கா தோற்றது. அதுவரை ஐந்து முறை இறுதிவரை சென்று ஐந்து முறையும் வெறுங்கையோடு திரும்பிய அணி அது.

ஆறாவது முறை 2022 ஜூலை 23ஆம் நாள் வாய்த்தது. இடம் மொரோக்கோவின் ராபாத் நகரம், எதிரணியும் மொரோக்கோவே. அரங்கு நிறைந்த கூட்டம் முழுவதும் எதிரணிக்காக முழங்கியது. அணியின் சிறந்த முன்கள வீராங்கனை தெம்பி கட்லானாவோ, தொடக்கச் சுற்றிலேயே குதிகால் நரம்பு அறுந்து வெளியேறியிருந்தார். ஆயினும் ஹில்டா மகாயா இரண்டு கோல் அடித்தார். மொரோக்கோ ஒன்றே திருப்பியது. கோப்பை கேப்டவுன் பெண்மணியின் அணிக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் சிறந்த மகளிர் அணிப் பயிற்சியாளர் என்ற விருதை 2018, 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அவர் பெற்றார். விருதுக் கணக்கில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. சொல்லாமல் விடுவது முறையன்று என்பதால் சொன்னேன்.

2023 உலகக் கோப்பைக்குப் புறப்படுமுன் வீராங்கனைகள் ஓர் உள்நாட்டு ஆட்டத்தில் ஆட மறுத்தார்கள். ஊதிய உடன்பாடு சரியில்லை, ஆடுகளம் சரியில்லை என்பது அவர்கள் முறையீடு. அவசரமாகத் திரட்டிய மாற்று அணியில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். போட்ஸ்வானாவிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். சிலர் அந்த மறுப்பைப் பழித்தார்கள். நான் பழிக்கமாட்டேன். மசாலை கலக்கும் வேலையைப் பறிகொடுத்த தலைமுறைக்குக் கேட்கத் துணிவு வராத ஒன்றை அடுத்த தலைமுறை வாய்விட்டுக் கேட்டது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டு, அணி புறப்பட்டது.

ஆகஸ்ட் 2ஆம் நாள் நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில் இத்தாலியோடு ஆட்டம். நமக்கு அது நண்பகல் பொழுது; நான் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தேன். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. அப்படியே முடிந்தால் தென்னாப்பிரிக்கா வீடு திரும்ப வேண்டியதுதான். தொண்ணூறு நிமிஷமும் கழிந்து, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மகாயா பந்தைத் தள்ளிக் கொடுக்க, காயம் ஆறி வந்திருந்த கட்லானா அதை வலைக்குள் செலுத்தினார். ஆணோ பெண்ணோ, தென்னாப்பிரிக்காவின் முதல்நிலை அணி ஒன்று உலகக் கோப்பையில் முதற்சுற்றைக் கடந்தது அதுவே முதல் தடவை.

அந்தக் கோலை அடித்த கட்லானா 1996இல் பிறந்தவர். அந்தப் பதினான்கு கோல் ஆட்டத்துக்கு மூன்றாண்டு பிந்தியவர். களத்தின் ஓரத்தில் நின்ற எல்லிஸ் அம்மையாருக்கு அப்போது வயது அறுபது. அடுத்த ஆட்டத்தில் நெதர்லாந்து இரண்டு கோல் அடித்தது. தென்னாப்பிரிக்கப் பெண்கள் ஊர் திரும்பினார்கள்.