ரத்தப் பரிசோதனை சொல்லாததை யார் சொல்வது?

(நாசரேத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை மூன்றுமே பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடுகள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுக்கிறாங்க, ஒரு எண் வருது. ஹீமோகுளோபின் இவ்வளவு, ஃபாக்டர் இத்தனை சதவீதம்னு ரிப்போர்ட் சொல்லும். ஆனா பையன் இந்த மாசம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகல, ராத்திரி முட்டி வலியில எத்தனை தடவை முழிச்சான் என்று அந்தத் தாளில் இருக்காது. இதையும் சேர்த்துக் கேட்பதைத்தான் 'வாழ்க்கைத் தரத்தை அளப்பது' என்கிறோம்.

இதற்கான ஒரு முக்கியமான அளவுகோல் நம்ம தமிழ்நாட்டிலேயே உருவானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2005-ல் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்காக அதை வெளியிட்டாங்க. ஆங்கிலத்தில் சுருக்கமா 'ஃபிஷ்'னு பேரு. நம்ம கடற்கரை மீனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல! எட்டு வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்ப்பாங்க: சாப்பிடுவது - தலைவாருவது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குத்தவைத்து உட்கார்வது, நடப்பது, படி ஏறுவது, ஓடுவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். சிரமமே இல்லாமல் செய்தால் 4. மொத்தம் 32.

குத்தவைத்து உட்கார்வது அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிங்க. நம்ம ஊர்ல கழிப்பறைக்குப் போகவும், தரையில உட்கார்ந்து வேலை பார்க்கவும் முட்டி மடங்கணும். மூட்டுக்குள்ள திரும்பத் திரும்ப ரத்தம் கசிஞ்சா முதல்ல போவது இந்த மாதிரி அசைவுகள்தான்.

ஆனா உடம்பு செய்யும் வேலை மட்டுமே வாழ்க்கை இல்லையே. 32-க்கு 32 வாங்குற பையனைக்கூட பயந்துகிட்டு விளையாட விடாம வச்சிருப்போம். அதனால்தான் உலக அளவில் பயன்படும் ஈக்யூ-5டி என்ற படிவம் நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி ஆகியவற்றோடு மனக்கவலையையும் கேட்கிறது. கேட்கும் நாளும் முக்கியம். தலசீமியா பிள்ளையிடம் ரத்தம் ஏற்றிய மறுநாள் கேட்டால் ஒரு பதில், அடுத்த தடவை ஏற்றுவதற்கு முந்தின வாரம் சோர்ந்து கிடக்கும்போது கேட்டால் வேறொரு பதில். இரண்டுமே உண்மைதான்.

இதில் உங்க பங்கு என்ன? கையில இருக்கிற போன் போதும். ஒரு குறிப்பு திறந்து இதை மட்டும் எழுதுங்க:

• தேதி, எந்த மூட்டில் வீக்கம்
• வலி, 0 முதல் 10 வரை
• வீக்கம் தொடங்கி ஃபாக்டர் ஏற்றும் வரை எத்தனை மணி நேரம்
• பள்ளி, வேலை, தூக்கம் எவ்வளவு கெட்டது

அடுத்த தடவை டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க. ரத்தம் கசிந்த பிறகு மருந்து தருவதா, கசியாமல் தடுக்க முன்கூட்டியே தருவதா என்று முடிவெடுக்க இது உதவும். "நல்லாத்தான் இருக்கான்"னு ஒரே வரியில சொன்னா, பிள்ளையின் மூன்று மாதக் கஷ்டம் அந்த அறைக்குள்ளே வராமலே போயிடும்.

இன்னொரு விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இந்த மூன்று குறைபாடுகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யுடிஐடி அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் போன் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பழக்கமில்லாதவங்க இ-சேவை மையத்தில் உதவி கேளுங்க. மருத்துவ மதிப்பீட்டுக்குப் போகும்போதும் அந்தக் குறிப்பைக் கொண்டுபோங்க. உடல்நல ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

வீட்டில் யாராவது இந்தக் குறைபாட்டோடு இருந்தால், இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: "இந்த வாரம் உன்னால எதைச் செய்ய முடியல?" பதிலை அப்படியே எழுதி வைங்க.