ஃபங்ஷனுக்கு முன்னாடி ஒரு டோல்கேட்: ஏஓபி எங்க கைகொடுக்கும், எங்க கைவிடும்?

சேலத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா ஜாவா தெரியாதவங்களும் தாராளமா கேக்கலாம், ஏன்னா உதாரணம் பூரா லாரிதான்.

கேள்வி இதுதான். ஒரு ஃபங்ஷன் ஓடுறதுக்கு முன்னாடி, அந்த ஃபங்ஷன்ல ஒரு வரி கூட கை வைக்காம, நம்ம கோட் ஒண்ணை ஓட வைக்க முடியுமா? முடியும். அதுக்குப் பேர் ஆஸ்பெக்ட் ஓரியன்டட் ப்ரோக்ராமிங், சுருக்கமா ஏஓபி. எப்படி ஓட வைக்கிறதுன்னு பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். எப்போ அது சத்தமே இல்லாம ஓடாம போகும்னு தெரிஞ்சுக்கறதுதான் கஷ்டம். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

லாரி ஆபீஸ் சாஃப்ட்வேர்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் உங்களுக்கே தெரியும். லாரி, டிரெய்லர், கேஸ் டேங்கர், போர்வெல் ரிக்னு ஏதோ ஒரு வண்டியோட சம்பந்தம் இல்லாத குடும்பம் கம்மி. அங்க ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு நாம சாஃப்ட்வேர் எழுதறோம்னு வெச்சுக்குங்க.

அதுல 'ட்ரிப் போடு'ன்னு ஒரு ஃபங்ஷன். வண்டி நம்பர், டிரைவர், லோடு, ஊர் கொடுத்தா ட்ரிப் பதிவாகும். ஆனா வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு. இன்சூரன்ஸ் இருக்கா, எஃப்.சி. முடிஞ்சிடுச்சா, பர்மிட் இருக்கா, டிரைவர் லைசென்ஸ் சரியா இருக்கா? வேற மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல சரக்குன்னா இ-வே பில் போட்டாச்சா?

இதே செக்கிங் 'டிரைவரை மாத்து', 'வண்டியை மாத்து', 'ரிட்டர்ன் லோடு போடு'ன்னு எல்லா ஃபங்ஷன்லயும் வேணும். கூடவே யார் பண்ணாங்க, எத்தனை மணிக்குப் பண்ணாங்கன்னு லாக் வேற எழுதணும். முப்பது இடத்துல காப்பி பேஸ்ட் பண்ணினா, உண்மையான வேலை நாலு வரி, செக்கிங் நாப்பது வரின்னு ஆயிடும். நாளைக்கு விதி மாறினா முப்பது இடத்துல மாத்தணும். ஒண்ணு விட்டுப் போனாலும் போச்சு.

இது எங்க இருந்து வந்துச்சு?

1997-ல ஃபின்லாந்துல நடந்த ஈகூப் மாநாட்டுல, ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கிரெகர் கிக்ஸாலிஸும் அவர் கூட்டாளிகளும் ஒரு பேப்பர் கொடுத்தாங்க. எல்லா இடத்துலயும் சிதறிக் கிடக்கிற இந்த மாதிரி வேலையைத் தனியா ஒரே இடத்துல எழுதணும், சேக்கற வேலையைக் கருவி பாத்துக்கணும்னு சொன்னாங்க. அந்தத் தனி இடத்துக்குப் பேர்தான் ஆஸ்பெக்ட். அந்த டீம் ஜாவாவுக்குக் கொண்டு வந்தது ஆஸ்பெக்ட்ஜே.

இதுல மூணு வார்த்தை தெரிஞ்சா போதும். எந்த இடத்துல குறுக்க வரலாமோ அது ஜாயின் பாயின்ட். அதுல எதெல்லாம் வேணும்னு தேர்ந்தெடுக்கிற விதி பாயின்ட்கட். அங்க ஓட வேண்டிய கோட், அட்வைஸ். இந்த அட்வைஸ்ங்கிற வார்த்தை இன்னும் பழசு. 1966-ல எம்.ஐ.டி.யில வாரன் டைட்டல்மேன் தன்னோட ஆய்வேட்டுல, ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராமோட உள்ளே கை வைக்காம, வெளியில இருந்தே அதோட நடத்தையை மாத்தற ஒரு வழியைச் சொன்னார். அதுக்கு வெச்ச பேர்தான் இது.

பிஃபோர் அட்வைஸ்னா ஃபங்ஷனுக்கு முன்னாடி ஓடும். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. பிஃபோர் அட்வைஸ் சும்மா முடிஞ்சிட்டா ஃபங்ஷன் கண்டிப்பா ஓடும். அதை நிறுத்தணும்னா எக்ஸப்ஷன் வீசணும். எஃப்.சி. இல்லைன்னு லாக்ல மட்டும் எழுதிட்டு விட்டா, வண்டி கிளம்பிடும். அரவுண்ட் அட்வைஸ் வேற மாதிரி. ஃபங்ஷனை ஓட விடறதா வேண்டாமான்னு அதுதான் முடிவு பண்ணும். ப்ரொசீட்னு கூப்பிட்டாத்தான் உள்ள இருக்கிறது ஓடும்.

டோல்கேட்டும் கிராமத்து ரோடும்

இப்போ மேட்டருக்கு வருவோம். நம்ம ஊர்ல நிறைய பேர் ஏஓபி-யைத் தொடுறது ஸ்பிரிங் வழியாத்தான். ஸ்பிரிங் உங்க ஃபங்ஷனுக்குள்ள எதையும் சொருகாது. உங்க ஆப்ஜெக்ட்டுக்கு முன்னாடி ப்ராக்ஸின்னு இன்னொரு ஆப்ஜெக்ட்டை நிறுத்தும். வெளியில இருந்து கூப்பிடறவங்க ப்ராக்ஸியைத்தான் கூப்பிடறாங்க. அது முதல்ல அட்வைஸை ஓட்டிட்டு, அப்புறம் உங்க ஃபங்ஷனுக்கு அனுப்பும்.

சேலத்துல இருந்து சங்ககிரி போற ஹைவேல வைகுந்தம் டோல்கேட் இருக்குல்ல, அது மாதிரி. ஹைவேல வர்ற வண்டி அதைத் தாண்டித்தான் ஆகணும், ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகும். ஆனா கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல கிளம்பி, பக்கத்து ஊருக்குக் கிராமத்து ரோட்டுல போற வண்டியை அந்த கேட் எப்படிப் பாக்கும்?

கோட்லயும் அதேதான். ஆறு மாசம் கழிச்சு முதலாளி கேக்கறார்: "தம்பி, இருபது வண்டிக்கு ஒரே தடவைல ட்ரிப் போடற மாதிரி பண்ணிக் கொடுப்பா." நாம அதே கிளாஸ்ல 'மொத்தமா ட்ரிப் போடு'ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதி, லூப்ல 'ட்ரிப் போடு'வைக் கூப்பிடறோம். கம்பைல் ஆகுது, ஓடுது, எர்ரர் எதுவும் இல்லை. ஆனா உள்ளுக்குள்ளயே கூப்பிடறதால அந்தக் கால் ப்ராக்ஸி பக்கமே போகலை. இருபது வண்டிக்கும் ஒரு செக்கிங் கூட நடக்கலை. இதுக்கு செல்ஃப் இன்வொகேஷன்னு பேர்.

அந்த இருபதுல ஒரு வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சிருந்தா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத டிரான்ஸ்போர்ட் வண்டியை முறையா ரிஜிஸ்டர் ஆன வண்டியாவே எடுத்துக்க மாட்டாங்க. பிரேக் சரியா இருக்கான்னு யாரும் பாக்காத வண்டி லோடோட ரோட்டுல போகுது. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிளைம் கோர்ட் வரைக்கும் இழுக்கலாம். மாட்டறது ஓட்டிட்டுப் போன டிரைவரும், எதிர்ல வந்தவங்களும்.

கிராமத்து ரோடு இன்னும் இருக்கு. பிரைவேட் மெத்தடை ப்ராக்ஸி பிடிக்காது. ஃபைனல் மெத்தடையும் பிடிக்காது. யூனிட் டெஸ்ட்ல நியூ போட்டு நீங்களே ஆப்ஜெக்ட் உருவாக்கினா, அங்க ப்ராக்ஸியே கிடையாது. பாயின்ட்கட்டை ஃபங்ஷன் பேரை வெச்சு எழுதியிருந்தா, யாரோ பேரை மாத்தின அன்னைக்கே செக்கிங் கழண்டுடும். இதுல எதுக்கும் ஸ்பிரிங் உங்களை நிறுத்தி வெச்சு சொல்லாது.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல் வழி, மொத்த ட்ரிப் ஃபங்ஷனை வேற கிளாஸுக்கு மாத்துறது. அப்போ கால் வெளியில இருந்து வரும், கேட்டைத் தாண்டித்தான் ஆகணும். ரெண்டாவது, ஆஸ்பெக்ட்ஜே-யோட வீவிங். அது கம்பைல் பண்ணும்போதோ, கிளாஸ் லோடு ஆகும்போதோ பைட்கோடுக்குள்ளயே அட்வைஸைச் சேத்துடும், அதனால உள்ளே கூப்பிட்டாலும் மாட்டும். மூணாவது, பேருக்குப் பதிலா அனோட்டேஷன் வெச்சு பாயின்ட்கட் எழுதறது. இது எல்லாத்தோடயும் ஒரு டெஸ்ட் கட்டாயம் வேணும்: எஃப்.சி. முடிஞ்ச வண்டியை வெச்சு, ஸ்பிரிங்கை முழுசா ஓட்டி, ஒவ்வொரு வழியாவும் ட்ரிப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு வழியும் முடியாதுன்னு சொல்லணும்.

என் கருத்தைக் கேட்டா இன்னொண்ணும் சொல்வேன். ஏஓபி-க்குள்ள எதை வைக்கறதுன்னு முடிவு பண்ண ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது ஓடாம போனா என்ன ஆகும்? லாக் ஒரு வரி விட்டுப் போனா எரிச்சல்தான். எவ்வளவு நேரம் ஆச்சுங்கிற கணக்கு போனா ஒரு கிராஃப் தப்பா வரும். இதெல்லாம் தாராளமா ஆஸ்பெக்ட்ல இருக்கட்டும். ஆனா எஃப்.சி. மாதிரி ஒரு ஆளோட உயிர் சம்பந்தப்பட்ட விதியை, கோட் படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல வைக்காதீங்க. அதை 'ட்ரிப் போடு' ஃபங்ஷனோட முதல் வரியாவே எழுதுங்க. முடிஞ்சா, எஃப்.சி. தேதி சரியில்லாம ட்ரிப் ஆப்ஜெக்ட்டே உருவாகாத மாதிரி பண்ணுங்க. அப்போ எந்த ரோட்டுல வந்தாலும் தப்பிக்க முடியாது. நாளைக்கு டீம்ல புதுசா சேர்ற ஒருத்தர் ஃபைலைத் திறந்ததுமே அவர் கண்ணுல படும்.

உங்க ப்ராஜெக்ட்ல ட்ரான்ஸாக்ஷனல்னு ஒரு அனோட்டேஷன் இருந்தா, அதுவும் வழக்கமா இதே ப்ராக்ஸி வழியாத்தான் ஓடுது. அதே கிளாஸுக்குள்ள இருந்து அந்த மெத்தடை யாராவது கூப்பிடறாங்களான்னு இந்த வாரம் ஒருதடவை தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதை வெச்சே பேசுவோம். பை மக்களே!