கணினி எண்ணும் எழுத்து



மொழியியல் பேச அழைக்கப்பெற்ற நாம் இன்று கணினியின் உள்ளறை ஒன்றைக் காட்ட விழைகின்றோம். நம்மிடம் பயின்று இன்று கணினித் துறையில் பணியாற்றும் ஒருவர் கொண்டுவந்த ஐயமே இதற்குக் காரணம். மெய்நிகர் கணினிக்கு அவர் விடுத்த செய்தியின் பெயர் 'ஆப்ட்/மொழிக்கழகம்/வகுப்பு' என்பது. முதற்பகுதி மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்து மூன்று, ஏனைய தமிழ். பெயர் மிக நீளம், 55 எழுத்துக்கு மேற்படலாகாது என்று மறுமொழி வந்தது. தமிழெழுத்து 11, ஆங்கில எழுத்து 3, சாய்கோடு 2, ஆக 16. "எண்ணத் தெரியாத இயந்திரமா, ஐயா?" என்றார்.

இயந்திரம் சரியாகவே எண்ணியது. அது எண்ணியது எதை என்பதே வினா.

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது நிலைபொருள். இயங்குதளத்தை எந்த வட்டில் முதலில் தேடுவது போன்றவற்றை அது அறிந்தாக வேண்டும். மெய்யான கணினியில் தாய்ப்பலகைக்கென்றே நிலைபொருள் எழுதப்படுகின்றது. பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கி 2003இல் வெளிவந்த கியூஎமு போன்ற மென்பொருள் உருவாக்கும் போலிக் கணினியிலோ, உறுப்புகள் ஒவ்வொரு முடுக்கத்திலும் மாறலாம். அதனை விருந்தினர் கணினி என்பர். விருந்து என்பதற்குப் புதுமை என்னும் பழம்பொருளும் உண்டு. இங்கு அது நன்கு பொருந்துகின்றது. புதிதாய் வந்தவருக்கு வீட்டின் அமைப்பைச் சொல்லத்தானே வேண்டும்?

அதற்கெனக் கியூஎமுவில் ஒரு சிறு கருவி உண்டு. தனியாள் கணினி வகையில் அதற்கு இரண்டு வாயில்கள். பதினாறடிமான எண்ணில் 510, 511. முதல் வாயிலில் ஒரு திறவெண்ணை எழுதினால், இரண்டாம் வாயிலில் அதற்குரிய தரவு பைட்டு பைட்டாக வெளிவரும். திறவெண் 0 கொடுத்தால் கியூ, ஈ, எம், யூ என்னும் நான்கு எழுத்தும் வரும். கருவி உண்டென்பதற்கு அதுவே அடையாளம். பதினாறடிமான 19 கொடுத்தால் பெயர்ப்பட்டியல் வரும்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவும் 64 பைட்டு. தரவின் அளவுக்கு 4, திறவெண்ணுக்கு 2, ஒதுக்கீடாக 2, பெயருக்கு 56. பெயரின் இறுதியில் சுழியம் ஒன்று நிற்க வேண்டுமாதலால் எஞ்சுவன 55. கோப்புகளின் திறவெண்கள் நிலையானவை அல்ல, பெயரே நிலையானது. நிலைபொருள் பெயரைத் தேடிக் கண்டு, அதற்கு அன்று இடப்பட்ட எண்ணைப் பெறுகின்றது. எண் வெறும் இடுகுறி. பெயரோ இரு தரப்பாரின் உடன்படிக்கை. ஆதலால் பெயரில் குழப்பம் நேரலாகாது. பயனர் தரும் பெயர்கள் 'ஆப்ட்' என்று தொடங்க வேண்டும் என்பது விதி. மீறினால் எச்சரிக்கை மட்டுமே வரும். ஆயினும் கியூஎமு பின்னாளில் அதே பெயரைத் தனக்கென வைத்துக்கொண்டால் இரண்டும் மோதும்.

இனி அந்த 55க்கு வருவோம். யூனிகோடு முறையில் 'மொ' ஒரெழுத்தன்று. மகரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. மெய்யும் அவ்வாறே, புள்ளி தனி. 'மொழிக்கழகம்' 11 குறிமதிப்புகள், 'வகுப்பு' 7. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறிமதிப்பு ஒவ்வொன்றும் 3 பைட்டு. 33உம் 21உம் கூட்ட 54. ஆங்கில எழுத்துக்கும் சாய்கோட்டுக்கும் 5. ஆக 59.

பெயரைச் சுருக்கினால் போதுமோ எனின், போதாது. அஃது ஆஸ்கி எழுத்துகளால் அமைய வேண்டும் என்று கருவியின் வரையறை கூறுகின்றது. நீளம் பார்க்கும் நிரல் குறுந்தமிழ்ப் பெயரை விட்டுவிடலாம். அதனால் அது உடன்படிக்கைக்கு உட்பட்டதாகிவிடாது. இதில் நமக்கு வருத்தம் உண்டு. எனினும் விதியை அறிந்து வருந்துவதே முறை.

நம் குறை வேறு. அப்பிழைச்செய்தியின் ஆங்கில மூலம் எழுத்தைக் குறிக்கும் சொல்லையே ஆள்கின்றது. நிரலாளர்க்கு அது பைட்டைக் குறிக்கும் பழஞ்சுருக்கம். அதனை 'எழுத்து' என மொழிபெயர்க்கும் தமிழாசிரியர் தம்மை அறியாமலே பொய் சொல்கின்றார். உயிர்மெய்யை ஒரெழுத்தெனக் கற்பிக்கும் வகுப்பிலிருந்து வரும் மாணவர் அங்கே இடறி விழுவார். அவ்விடத்தில் 'பைட்டு' என்றே எழுதுக. கடன்சொல்லாயினும் அதுவே உண்மை.

பெயருக்குள்ள கட்டுப்பாடு உள்ளடக்கத்திற்கு இல்லை. எந்த பைட்டையும் கருவி பொருள் காணாமல் அப்படியே ஒப்படைக்கும். கட்டளையிலேயே சரமாகக் கொடுத்தால் இறுதிச் சுழியத்தையும் சேர்க்காது. படிப்பவர் அளவைப் பார்த்தே நிறுத்த வேண்டும்.

நம் மாணவர் பெயரை ஆஸ்கியில் மாற்றினார். 'மொழிக்கழகம் வகுப்பு' என்னும் இரு சொல்லையும் ஓர் இடைவெளியுடன் உள்ளடக்கமாக இட்டார். விருந்தினர் கணினியில் லினக்ஸ் எழுந்ததும் தமிழ் பிழையின்றி வந்து நின்றது. அளவைக் காட்டும் இடத்தில் இருந்த எண் 55.