மாரிகுப்பத்து வீட்டுக் கணக்கு

கூலி வரும் நாளும் தவணை கட்டும் நாளும் பொருந்தாத வீட்டில்தான் கடன் வேகமாக வளர்கிறது. கர்நாடகத்தில் கோலார் தங்கவயலின் மாரிகுப்பம் இதற்கு நல்ல சான்று. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குச் சம்பள நாள் நிச்சயம். மளிகைக் கடைக்காரரும் அந்த நாளை நம்பித்தான் பற்று எழுதினார். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. தவணை மட்டும் வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கடனைக் குறைக்க நினைக்கும் குடும்பம் முதலில் எல்லாக் கடன்களையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தொகையைவிட வட்டியைப் பார்த்து வரிசைப்படுத்துவதே பலன் தரும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம், பத்து வட்டி 120 சதவீதம். தண்டல் கடனில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயிரத்தை முன்னதாகப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வாங்கினால், பத்து சதவீதம்தானே என்று தோன்றும். அசலும் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இருபதாயிரம் ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கியவருக்கு வட்டி மட்டும் மாதம் ஆயிரம். வீட்டிலிருக்கும் நகையை வங்கியில் ஏறக்குறைய ஒரு வட்டிக்கு அடகு வைத்து அந்தக் கடனை அடைத்தால், வட்டி இருநூறாக இறங்கும். ஆண்டுக்கு 9,600 ரூபாய் மிச்சம். தங்கம் தோண்டிய ஊரில் நகையை அடகு வைக்கப் பலருக்கும் மனம் வராது. பெட்டியில் கிடக்கும் நகை வட்டியைக் குறைக்காது என்பதும் உண்மை. மிச்சமாகும் பணத்தை அசலில் கட்டினால்தான் நகை வீடு திரும்பும்.

சீட்டு நல்ல சேமிப்புதான், பதிவு பெற்றதாக இருந்தால். 2019 திருத்தத்துக்குப் பின் சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். அவசரத்துக்கு அதிகத் தள்ளுபடியில் ஏலம் எடுப்பவருக்குச் சீட்டும் கடனாகிவிடுகிறது. கடைசிவரை காத்திருப்பவருக்கே அது சேமிப்பு.

அன்றாடச் செலவில் ரயில் கட்டணத்திலும் மிச்சம் பிடிக்கலாம். சீசன் டிக்கெட்டை மாதாமாதம் எடுக்காமல் மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால், 2.7 மாதக் கட்டணமே ஆகும். கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் கட்டணம் இல்லை. மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணமும் வரும். மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது. குடும்பத் தலைவிகளுக்கான கிருஹலட்சுமித் திட்டத்தில் மாதந்தோறும் வரும் இரண்டாயிரம் ரூபாயை நம்பிப் புதுத் தவணை எடுப்பது ஆபத்து. அது தாமதமாகும் மாதங்களும் உண்டு. வரும்போது அதிக வட்டிக் கடனுக்குப் போகட்டும்.

புதுக் கடன் தேவைப்பட்டால் சுய உதவிக் குழுவை முதலில் நாடலாம். கர்நாடகத்தில் மைராடா நிறுவனம் 1980களின் நடுவில் வளர்த்த குழுக்களின் அனுபவத்தை ஒட்டியே, 1992இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. குழுவில் சேமிப்பு முதலில், கடன் பிறகு. வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்குவோருக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இந்த வரம்பைப் பார்க்காமல் நான்கு இடத்தில் கொடுக்கிறார்கள் என்றால், வாங்குபவர்தான் நிறுத்த வேண்டும்.

பதிவு இல்லாமல் கடன் கொடுத்து மிரட்டி வசூலிப்பவர்களுக்கு எதிராகக் கர்நாடகம் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தண்டனை பத்தாண்டுச் சிறைவரை போகலாம். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம்.